கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் முன்...

எங்கள் ஊர் நாகர்கோவில் பக்கம். அம்மன் கோயில் கொடையில் தாத்தா பாடிய வில்லுப்பாட்டு ஒரு கேசட்டில் இருந்தது. கல்லூரியில் படிக்கும்போது அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். ஹார்ட் டிஸ்க்கில் இடம் மிச்சமாகட்டும் என்று சாம்பிள் ரேட்டை 8,000 என வைத்தேன். தாத்தாவின் குரலும் குடமும் கேட்டன. ஜால்ராவின் கணீர் ஓசை மங்கிவிட்டது. ஏன்?

ஒலி இடைவிடாத அலை. கம்ப்யூட்டருக்கோ எண்கள்தான் தெரியும். எனவே சவுண்ட் கார்டு அந்த அலையை விநாடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து எண்களாக்குகிறது. இதுதான் சாம்பிளிங். ஓர் ஒலி விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறதோ, அதன் இரு மடங்குக்கு மேல் அளந்தால்தான் அது சரியாகப் பதிவாகும். 8,000 முறை அளந்தால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை கிடைக்காது. ஜால்ராவின் கூர்மை அந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது. நம் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதனால்தான் ஆடியோ சிடியில் 44,100 முறை அளக்கிறார்கள்.

ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதினால் 65,536 படிகள் கிடைக்கும். ஸ்டீரியோவில் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. ஆகும். ஒரு மணி நேரக் கேசட்டுக்குச் சுமார் 600 எம்.பி. போதும்.

பிறகு என் ஃபைலை 44,100க்கு மாற்றிப் பார்த்தேன். ஃபைல்தான் பெருத்தது, ஜால்ரா திரும்பவில்லை. அளக்காமல் விட்டது அந்த ஃபைலில் இல்லவே இல்லை. மறுபடி பதியலாம் என்றால், கேசட் நாடாவில் பூஞ்சை பிடித்திருந்தது.

உங்கள் வீட்டில் பழைய கேசட் இருந்தால், ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் 44,100, 16 பிட் என வைத்துப் பதியுங்கள். முதலில் வேவ் ஃபைலாகச் சேமியுங்கள். எம்பி3 ஆகப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.