கொட்டிலில் கிடக்கும் பழைய டிராக்டரைப் புதுப்பிக்கலாமா?

நம் கிராமங்கள் பலவற்றில், வீட்டுக் கொல்லையிலோ களத்தோரப் புளியமரத்தடியிலோ பழைய டிராக்டர் ஒன்று துருவேறிக் கிடப்பதைக் காண்கிறோம். தந்தையார் காலத்தில் வாங்கிய வண்டி. அதனை மீண்டும் உழவுக்குக் கொணர விரும்புவது இயல்பே. ஆயினும், ஆசையை மட்டும் துணைகொண்டு பட்டறைக்கு இழுத்துச் சென்று, பாதி வேலையில் பணம் தீர்ந்து, கழற்றிய உறுப்புகளைச் சாக்கில் கட்டி வந்தோரும் உளர். ஆகவே, செலவில்லாச் சோதனைகளை முதலிலும் செலவுள்ளவற்றைப் பின்னரும் செய்து முடிவுக்கு வருதலே முறையாகும்.

1. உதிரி உறுப்பு கிடைக்குமா?

முதற்கண் வண்டியின் தகட்டிலுள்ள மாதிரிப் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, உதிரிக் கடைகளில் விசாரிக்க வேண்டும். 1960இல் சென்னையில் நிறுவப்பெற்ற டாபே ஆலையின் மாஸ்ஸி பெர்குஸன் 1035 போன்ற, பல ஊர்களில் ஓடும் வண்டியாயின், உறுப்புகளும் பழகிய மெக்கானிக்குகளும் கிடைப்பர். எச்.எம்.டி. நிறுவனத்தின் டிராக்டர் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016இல் முடிவு செய்தது. அத்தகைய வண்டிக்குச் சந்தையிலும் உடைப்புக் கடைகளிலும் கிடைப்பதையே நம்ப வேண்டும். வண்டி நல்லதாயினும் ஒரு பற்சக்கரம் கிடைக்காவிடில் வேலை நின்றுவிடும்.

2. எஞ்சின் உயிருடன் உள்ளதா?

நின்றுபோன எஞ்சினை வேறு வண்டியால் இழுத்துக் கிளப்ப முயலுதல் பெருந்தவறு. மூடாத புகைக்குழாய் வழியே மழைநீர் இறங்கிப் பிஸ்டன் துருவால் பிடித்திருக்கக்கூடும். வலிந்து இழுத்தால் கனெக்டிங் ராடு வளையும். இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் எஞ்சின் எண்ணெயும் கலந்து சிறிதளவு ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, பின்னர் முன்புறக் கப்பியின் நட்டில் ஸ்பானரிட்டுக் கையால் மெல்லத் திருப்புக. சுழன்றால் நம்பிக்கை உண்டு.

அடுத்து, அளவுக்கோலில் எண்ணெயைப் பார்க்க வேண்டும். பால் கலந்த காப்பி போலிருப்பின் நீர் கலந்துள்ளதென அறிக. பழைய எண்ணெயை வடித்துப் புதியதை ஊற்றி, ரேடியேட்டரை நிரப்பி ஓரிரவு விட்டுவைக்கவும். வெளியே கசிவின்றி நீர்மட்டம் இறங்கி, எண்ணெய் மட்டம் ஏறுமாயின், ஹெட் கேஸ்கட் கெட்டிருக்கலாம். அன்றிச் சிலிண்டர் பிளாக்கோ ஹெட்டோ விரிசல் கண்டிருக்கலாம். கேஸ்கட் சிறு செலவு. பிளாக் விரிசலாயின், அங்கேயே நிறுத்திவிடுதல் பெரும்பாலும் நன்று.

3. பிற உறுப்புகள்

வெளித் துருவும் மங்கிய வண்ணமும் நம்மை அச்சுறுத்த வேண்டியதில்லை. பற்றிக்கொண்ட கிளட்ச் தட்டையும் பிரித்துச் சரிசெய்யலாம். ஆனால் கியர் பெட்டியின் கூடு உடைந்திருத்தல், ஹைட்ராலிக் தூக்கி கலப்பையைத் தாங்காமை, பின்சக்கர டயர்கள் வெடிப்புற்றிருத்தல் ஆகியவை பெருஞ்செலவு தருவன. பிரேக்கும், பி.டி.ஓ. தண்டின் மூடியும் சரியாக்கப்படாமல் எந்த வண்டியையும் வயலில் இறக்கலாகாது. இச்செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

4. கணக்கு

மெக்கானிக்கிடம் எழுத்தில் மதிப்பீடு பெற்று, எதிர்பாரா வேலைக்கெனக் கால் பங்கு கூட்டிக்கொள்க. மொத்தம் 1,80,000 ரூபாய் எனக் கொள்வோம். வாடகை வண்டியோடு ஒப்பிட, டீசல், ஆள்கூலி போக மணிக்கு 400 ரூபாய் மிச்சமென்றும் கொள்வோம். ஆண்டுக்கு 150 மணி நேரம் உழைக்கும் வண்டி 60,000 ரூபாய் மிச்சப்படுத்தி, மூன்றாண்டில் செலவை ஈட்டிவிடும். 40 மணி நேரமே வேலையுள்ள சிறு விவசாயிக்குப் பதினோர் ஆண்டுக்கு மேலாகும்! அவர் வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரை உழவன் செயலி வழியே பெறுதல் சாலச் சிறந்தது. ஆகவே, முடிவைத் தருவது வண்டியின் வயதன்று; அதற்குக் காத்திருக்கும் வேலையே.

5. பதிவும் ஊராட்சி வண்டியும்

பதிவுச் சான்று காலமான தந்தையார் பெயரிலேயே இருக்குமாயின், செலவு செய்யுமுன் வாரிசுகள் ஒருமனதாகப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல், ஒருவர் செலவிட்ட வண்டிக்கு நால்வர் உரிமை கோரும் நிலை வரும்.

ஊராட்சி உறுப்பினர்கள் தனியே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஊராட்சி உள்ளிட்ட அரசு அமைப்புகளின் 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்குப் பதிவு செல்லாது என்னும் மத்திய விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எனவே ஊராட்சிக்குச் சொந்தமான பழைய குப்பை டிராக்டரைப் புதுப்பிக்கத் தீர்மானம் போடுமுன், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிதல் கடமையாகும். சாலையில் ஓட இயலாத வண்டிக்குப் பொதுப்பணம் செலவிடலாகாது.

இச்சோதனைகளில் தேறிய வண்டியைத் தயங்காது புதுப்பிக்கலாம். நன்கு பேணினால் அது இன்னும் பல பட்டம் உழும். தேறாததைக் காலத்தே விற்று, அப்பணத்தை நல்ல விதைக்கோ கிணற்று மோட்டாருக்கோ இடுவதும் தந்தையார் தேடிய பொருளைக் காப்பதேயாகும்.