தட்டி வைத்தால் சட்டமா?

கேள்வி: நெடுஞ்சாலையில் மேம்பால வேலை நடக்கும் இடத்தில் ‘வேகம் 30’ என்று தட்டி வைத்திருக்கிறார்கள். பெயருக்கு வைத்த அதை மீறினால் அபராதம் உண்டா?
- வாசகர், திண்டிவனம்

பதில்: உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 112-வது பிரிவின்படி மாநில அரசோ, அது அதிகாரம் அளித்த அமைப்போ ஒரு சாலையில் வேகத்தைக் குறைக்கலாம். அதற்கு அரசிதழ் அறிவிப்பும் முறையான பலகையும் தேவை. கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்காது என்றால் அரசிதழ் அறிவிப்புகூட வேண்டாம், பலகையே போதும். ஆனால் ஒப்பந்தக்காரர் தன் இஷ்டத்துக்கு எழுதி வைக்கும் தட்டிக்கு அந்தப் பலம் கிடையாது.

மீறினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 183-வது பிரிவில் காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய், லாரி, பஸ்ஸுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய். மறுபடி சிக்கினால் லைசென்ஸும் முடக்கப்படும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் சாலைப் பணி நடக்கும் இடத்தில் மீறினால் அபராதம் இரட்டிப்பு. நம் சட்டத்தில் அப்படி இல்லை; இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஒப்பந்தக்காரரும் தப்ப முடியாது. பாதுகாப்புத் தரத்தை மீறி, அதனால் உயிரிழப்போ உடல் ஊனமோ நேர்ந்தால் 198-ஏ பிரிவில் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இரவில் விளக்கோ ஒளிரும் பட்டையோ இல்லாத தடுப்பைப் பார்த்தால் படமெடுத்து, இடம், நேரத்துடன் நெடுஞ்சாலைத் துறைக்குப் புகார் அனுப்புங்கள்.