அச்சத்தை வென்ற அயலார்



சாலையோரத்தில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார். பேருந்தின் சன்னல் வழியே எட்டிப் பார்க்கிறோம். "ஐயோ பாவம்!" என்கிறோம். பேருந்து நகர்ந்துவிடுகிறது. நம்மிடம் இரக்கம் இல்லாமலில்லை. "போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டி வருமே!" என்ற அச்சம்தான் காலைக் கட்டிப்போடுகிறது.

நல்ல சமாரியர் உவமை நாம் அனைவரும் அறிந்ததே. எருசலேமிலிருந்து எரிக்கோ செல்லும் பாதை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் கீழிறங்கும் மலைப்பாதை. கள்வர் பதுங்க ஏற்ற இடம். குருவும் லேவியரும் விலகிச் சென்றதற்கு அச்சமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். சமாரியருக்கும் அதே பாதைதான், அதே ஆபத்துதான். ஆயினும் அவர் நின்றார். காயங்களைக் கட்டினார், சாவடியில் சேர்த்தார், செலவுக்குப் பணமும் தந்தார்.

நம் நாட்டுச் சட்டமும் இன்று இத்தகையோரை 'நல்ல சமாரியர்' என்றே அழைக்கிறது. உச்ச நீதிமன்றம் 2016இல் இவர்களுக்குப் பாதுகாப்பு அளித்தது. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 134ஏ பிரிவு அதை உறுதி செய்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் வழக்குத் தொடர முடியாது. பெயர், முகவரி சொல்லும்படி அவரை வற்புறுத்தவும் கூடாது. ஆகவே, பழைய அச்சத்துக்கு இனி இடமில்லை.

ஆனால் துணிவு மட்டும் போதுமா? அறிவும் வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றுவது நம் ஊர் வழக்கம். அது மூச்சுக்குழாயில் இறங்கி உயிருக்கே உலை வைக்கும். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயன் ஏதுமில்லை. பக்கத்திலுள்ள கல், கம்பிகளை அகற்றுங்கள். வலிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

விபத்தைக் கண்டால் செய்ய வேண்டியவை:

1. சாலை நடுவே ஓடாதீர்கள். அருகிலுள்ள பெரியவர்களைக் கூவி அழையுங்கள்.

2. 108க்குப் பேசி, இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

3. இரத்தம் பீறிட்டால் தாவணியோ கைக்குட்டையோ வைத்து விடாமல் அழுத்துங்கள். பெரிய இரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் பிரியக்கூடும்.

4. கழுத்தையும் முதுகையும் அசைக்காதீர்கள். பாய்ந்து தூக்கி ஆட்டோவில் மடக்கித் திணித்தால், தண்டுவடம் சேதமுற்று, பிழைத்தவர் ஆயுள் முழுதும் நடக்க முடியாமற் போகலாம்.

5. கூட்டத்தை விலக்குங்கள். அவர் கையைப் பற்றி, "பயப்படாதீர்கள், வண்டி வருகிறது" என்று சொல்லுங்கள்.

இவற்றுள் எதற்கும் பணம் வேண்டாம், பட்டம் வேண்டாம். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த மனிதருக்குத் தாயும் மருத்துவரும் வழியில் நிற்பவரே.

தோழியரே, இந்த ஐந்தையும் இன்றே வீட்டில் அப்பா அம்மாவிடம் சொல்லிக் காட்டுங்கள். நாளை சாலையில் கிடப்பவர் யாராகவும் இருக்கலாம். நம் வீட்டாராயிருந்தால், முகம் தெரியாத ஒருவர் நிற்கமாட்டாரா என்றுதானே ஏங்குவோம்? அந்த ஒருவராக நாம் இருப்போம்.