கட்டளைச் செய்நிரலின் வெளியீட்டைச் சாளரச் செய்நிரலினுள் பெறுதல்

மாணவர்களே, "வெளியீடு என்றால் என்ன?" எனக் கேட்டால் உங்களில் பலர் "திரையில் தெரிவது" என எழுதி விடுகின்றீர்கள். திரை என்பது வெளியீடு சென்றடையும் இடங்களுள் ஒன்று மாத்திரமே. இதனை விளங்கிக்கொண்டால் இப்பாடம் இலகுவாகும்.

1. மூன்று வழிகள்
கட்டளைச் செய்நிரல் ஒன்று இயங்கத் தொடங்கும்போது அதற்கு மூன்று வழிகள் கிடைக்கின்றன.
0 – நியம உள்ளீடு (வழமையாக விசைப்பலகை)
1 – நியம வெளியீடு (வழமையாகத் திரை)
2 – நியம வழு (வழமையாகத் திரை)
இவ்வழிகளின் மறுமுனையை வேறிடத்துக்கு மாற்றலாம். உதாரணமாக, பிங் கட்டளையின் பின் > குறியும் கோப்பின் பெயரும் இட்டால் விடைகள் திரையில் தோன்றாது கோப்பினுள் சேரும். இது திசைமாற்றல் எனப்படும்.

2. குழாய்
இரு கட்டளைகளுக்கு இடையே | குறியை இட்டால் முதலாவதின் வெளியீடு இரண்டாவதின் உள்ளீடாகும். இதுவே குழாய். டக்ளஸ் மக்கில்ராய் முன்வைத்த இவ்வெண்ணத்தை 1973 இல் கென் தொம்சன் யுனிக்ஸில் நடைமுறைப்படுத்தினார்.

3. சாளரச் செய்நிரல் செய்யும் வேலை
"பரிசோதி" என்ற பொத்தானை அழுத்தியதும் பிங் இயங்கி, அதன் விடை எழுத்துப் பெட்டியில் தோன்ற வேண்டும் எனக் கொள்வோம்.
படி 1: குழாய் ஒன்றை உருவாக்கி, பிங் செய்நிரலின் 1 ஆம், 2 ஆம் வழிகளை அதனுடன் இணைத்தல்.
படி 2: கறுப்புச் சாளரம் தோன்றாதவாறு பிங்கை இயக்குதல்.
படி 3: வரும் வரிகளை உடனுக்குடன் வாசித்துப் பெட்டியில் சேர்த்தல். வாசிப்பு பின்னணியில் நடைபெற வேண்டும். இல்லையேல் சாளரம் அசையாது நிற்கும்.
படி 4: வரிகள் முடிந்த பின் செய்நிரல் முடிவடையும் வரை காத்திருந்து, முடிவுக் குறியீட்டைப் பெறுதல். 0 எனின் பொதுவாக வெற்றி.

4. கவனிக்க
3 ஆம், 4 ஆம் படிகளை இடம் மாற்ற வேண்டாம். குழாயின் கொள்ளளவு வரையறுக்கப்பட்டது. லினக்ஸில் வழமையாக 65,536 பைட்டுகள். குழாய் நிரம்பினால், இடம் கிடைக்கும் வரை எழுதும் செய்நிரல் நின்றுவிடும். வாசிக்க வேண்டிய செய்நிரலோ அது முடியட்டும் எனக் காத்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்பதால் வேலை ஒருபோதும் முடியாது. இது முட்டுக்கட்டை நிலை எனப்படும்.

பயிற்சி வினா
மாணவி ஒருவரின் சாளரச் செய்நிரல் 10 வரிகளைப் பெறும்போது சரியாக இயங்குகின்றது. பல்லாயிரம் வரிகள் வரும்போது உறைந்து விடுகின்றது. காரணமும் தீர்வும் யாவை?

விடை
காரணம்: வாசிக்காமல் காத்திருந்ததால் குழாய் நிரம்பியமை. சிறிய வெளியீடு குழாயினுள் அடங்கியதால் பிழை முன்னர் வெளிப்படவில்லை.
தீர்வு: முதலில் முழுவதையும் வாசித்து, அதன் பின்னரே முடிவுக்காகக் காத்திருத்தல்.

(காரணம், தீர்வு இரண்டையும் தனித்தனியே எழுதப் பழகுங்கள்.)