தள்ளிவைக்கக் கூடிய மின்சாரம்

மின்சாரம் நெல்லைப் போலக் குதிரில் கொட்டி வைக்கும் பொருள் அன்று. எந்த நொடியில் எவ்வளவு செலவாகிறதோ, அந்த நொடியில் அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். இரண்டும் ஒத்திருந்தால் நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி என்ற அளவில் நிற்கும். செலவு மிகுந்தால் அந்த அளவு இறங்கும், குறைந்தால் ஏறும்.

இதைச் சரிக்கட்டும் பொறுப்பு நெடுங்காலமாக மின் நிலையங்களையே சார்ந்திருந்தது. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 1980-களின் பிற்பகுதி முதல், தேவை குறைந்த நேரத்தில் நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவை மிகுந்த நேரத்தில் இறக்கி 400 மெகாவாட் வரை மின்சாரம் எடுக்கிறார்கள். இன்றோ சூரிய ஒளி மின்சாரம் பெருகிவிட்டது. நண்பகலில் தாராளம், விளக்கேற்றும் வேளையில் நெருக்கடி. ஆகவே, மின்சாரத்தைச் செலவழிக்கும் கட்டிடங்களும் சற்று வளைந்து கொடுக்குமா என்று அறிஞர்கள் அளந்து பார்க்கத் தொடங்கியுள்ளனர்.

கட்டிடங்களுக்கு அவ்வளவு வலிமை உண்டா? 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு, நாடெங்கும் வீட்டு விளக்குகளை ஒன்பது நிமிடம் அணைத்தோம் அல்லவா? அப்போது தேவை 31,000 மெகாவாட்டுக்கு மேல் சரிந்தது. அது எழுபத்தேழு காடம்பாறைகளுக்குச் சமம்!

எப்படி அளப்பது? விடுதியோடு கூடிய ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். 60 மின்விசிறிகள், ஒன்று 75 வாட் வீதம், மணிக்கு நாலரை யூனிட் இழுக்கும். மூன்று குதிரைத்திறன் மோட்டாருக்கு மணிக்குச் சுமார் இரண்டரை யூனிட் போதும். பெரிய செலவு விசிறிதான். ஆனால் சித்திரை மாதத்தில் அதைத் தள்ளிவைக்க முடியுமா? மோட்டாரோ, மாலை ஆறு மணிக்குப் பதில் நண்பகலில் ஓடினாலும் மேல்தொட்டி நிரம்பிவிடும். இரண்டு மணி நேர ஓட்டமானால் ஐந்து யூனிட் மாலையிலிருந்து பகலுக்கு நகர்கிறது. எனவே எவ்வளவு செலவாகிறது என்பதைவிட, எவ்வளவு நகரும், எத்தனை மணி நேரம் நகரும் என்பதே நமக்கு வேண்டிய கணக்கு.

குளிர்பெட்டியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அரைமணி நேரம் நிறுத்தினால் பால் கெடாது; ஆனால் மறுபடி போட்டதும், ஏறிய வெப்பத்தை இறக்க அது வழக்கத்தைவிட நீண்ட நேரம் ஓடும். அந்தக் கூடுதலையும் எழுதாவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். மாவாட்டும் இயந்திரத்தையும் பகலுக்கு மாற்றலாம். ஆயினும் கோடையில் நண்பகலில் ஆட்டிய மாவு விடிவதற்குள் புளித்துப் பொங்கிவிடும். இதை மீட்டர் சொல்லாது, சமையற்கட்டில் கேட்க வேண்டும்!

மாணவியரே, ஒப்பிடுவதிலும் கவனம் தேவை. விளையாட்டு விழா நாளையும் தேர்வு நாளையும் எதிரெதிரே வைத்துப் பயனில்லை. ஒரே மாதிரியான நாட்கள் சிலவற்றில் மணிக்கொரு முறை மீட்டரைக் குறித்து, அந்தச் சராசரியோடு மாற்றிய நாளை ஒத்துப் பார்க்க வேண்டும்.

இக்கணக்கு நம் மல்லசமுத்திரத்துக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2012-ஆம் ஆண்டின் மின்வெட்டைப் பெற்றோர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எது நிற்கலாம், எது நிற்கக் கூடாது என்று பாராமல், ஒரு மின்பாதை முழுவதையும் அணைத்தார்கள். தண்ணீர் மோட்டாரும் நின்றது, படிக்கும் விளக்கும் நின்றது. நகரக் கூடியது எது என்று முன்னமே தெரிந்தால், அதை மட்டும் நகர்த்தலாம். 2023-இல் மத்திய அரசு திருத்திய விதிகள், வெயில் நேரத்துக்குக் குறைந்த கட்டணமும் உச்ச நேரத்துக்குக் கூடுதல் கட்டணமும் விதிக்க வழி செய்திருப்பதும் இதற்காகவே.

திருச்செங்கோடு, பள்ளிபாளையம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில்தான் சிக்கல் பெரிது. இயந்திரத்தைப் பொறுத்தவரை தறி எளிதில் நகரும்; பொத்தானை அழுத்தினால் நின்றுவிடும். நெய்பவருக்கோ கூலி நெய்த மீட்டருக்குத்தான். மாலையில் நிறுத்திய தறியை நள்ளிரவில் ஓட்டச் சொன்னால், வீட்டில் குழந்தைகளோடு இருக்க வேண்டிய தாய் எப்படிப் போவாள்? ஆகவே அங்கே கணக்கெடுக்கப் போகிறவர்களின் தாளில், நிறுத்திய நேரத்துக்குக் கூலி யார் தருவது என்பதற்கும் ஒரு கட்டம் போட்டிருக்க வேண்டும்.