ஜூன் பிறக்கும் முன்னே

பார்வையில்லாத, அல்லது மிகக் குறைந்த பார்வையுள்ள பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப்போகும் வீடுகளில், பேச்செல்லாம் எந்தப் பள்ளி என்பதிலேயே சுற்றுகிறது. தன் காரியத்தைத் தன் கையால் செய்யப் பிள்ளையைப் பழக்கிவிட்டோமா என்பதுதான் அதைவிட முக்கியம். கோடை விடுமுறை அதற்கு ஏற்ற காலம்.

செய்ய வேண்டியவை

பள்ளிக்குக் கொண்டுபோகப்போகும் அதே டிபன் டப்பாவில் வீட்டிலேயே சாப்பிடப் பழக்குங்கள். எவர்சில்வர் டப்பாவின் இறுகிய மூடியைத் திறப்பது, பொரியல் எந்தப் பக்கம் என்று விரலால் தெரிந்துகொள்வது, சிந்தியதைத் துடைப்பது எல்லாம் அதில் அடங்கும். தாமதமாகும், ஆகட்டும். கழிப்பறைப் பழக்கமும் இப்படித்தான்.

பள்ளி திறக்குமுன் அனுமதி கேட்டு ஒருநாள் கூட்டிப்போங்கள். வாசலிலிருந்து வகுப்புக்கு, வகுப்பிலிருந்து குழாயடிக்கு, கழிப்பறைக்கு என்று நடந்து பழகட்டும். எத்தனை படி, எந்த இடத்தில் சிமெண்ட் தரை முடிந்து மண் தொடங்குகிறது, எந்தத் தூணைத் தொட்டால் திரும்ப வேண்டும் என்பதைப் பிள்ளையே கண்டுபிடித்துச் சொல்லட்டும். பிள்ளைகள் நிறைந்த நேரத்தில் இன்னொரு முறை நடப்பது நல்லது. சத்தத்தில் அதே வழி வேறாகத் தெரியும்.

விரலுக்கு வேலை கொடுங்கள். உளுந்தையும் கொண்டைக்கடலையையும் கலந்து பிரிக்கச் சொல்லலாம், பல்லாங்குழி ஆடலாம். முட்டை அட்டையில் ஆறு குழி மட்டும் வெட்டியெடுத்துக் கோலிக்குண்டு வைத்தால் பிரெயிலின் ஆறு புள்ளிகள் விளையாட்டாகவே கைக்கு வந்துவிடும்.

பிரெயிலை விட்டுவிடாதீர்கள் என்று பெற்றோரைக் கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது. போன்தான் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டுகிறதே என்பார்கள். காட்டும். ஆனால் நகரத்தின் 'ந'வும் மன்னனின் 'ன'வும் காதில் ஒன்றாகத்தான் விழும். ர, ற குழப்பமும் அப்படியே. எழுத்தை விரலால் படித்த பிள்ளைக்குத்தான் எழுத்துப்பிழை இல்லாமல் எழுத வரும்.

வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார்; சேர்க்கைக்கு முன்பே சந்தியுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, விரும்பிய இடத்தில் இலவசக் கல்வி பெற, மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. "இங்கே முடியாது" என்று எந்தப் பள்ளியாவது சொன்னால், இதைச் சொல்லுங்கள்.

செய்யக்கூடாதவை

புத்தகத்தை மூக்கருகே வைத்துப் படித்தால் அதட்டாதீர்கள். கிட்டத்தில் வைத்துப் படிப்பதால் மிச்சப் பார்வை கெட்டுவிடாது. தலையைச் சாய்த்துப் பார்க்கும் பிள்ளையை நிமிர்த்தவும் வேண்டாம். கண் ஆடிக்கொண்டே இருக்கும் சில பிள்ளைகளுக்கு அந்தக் கோணத்தில்தான் ஆட்டம் குறைந்து எழுத்து தெளியும். இதை ஆசிரியரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

முன்வரிசையில் உட்காரவைத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். வெளிச்சம் கூசும் பிள்ளைக்கு ஜன்னலோர முன்பெஞ்சு வேதனை. எங்கே உட்கார்ந்தால் பலகை தெரிகிறது என்று பிள்ளையைக் கேளுங்கள்.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடக்க வேண்டாம். உங்கள் மணிக்கட்டைப் பிள்ளை பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் வரட்டும்; நீங்கள் படி இறங்குவது அதன் கைக்கே தெரியும்.

விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு கேட்காதீர்கள். உள்ளே மணி வைத்த பந்து கிடைக்கிறது.

பிள்ளை காதுபடப் "பாவம்" என்று யார் சொன்னாலும், பாட்டியே ஆனாலும், அங்கேயே நிறுத்துங்கள்.

"அக்கா பார்த்துக்குவா" என்று மூத்தவளிடம் பொறுப்பைக் கட்டிவிடவும் வேண்டாம். இடைவேளையில் அவளுக்கும் ஓடியாட வேண்டும். இந்தப் பிள்ளைக்கும் தன் வகுப்பிலேயே கூட்டாளி வேண்டும். அக்கா பக்கத்திலேயே நின்றால் யாரும் நெருங்கி வரமாட்டார்கள்.