மரியாதை என்னும் சொல்

உத்ஸவ காலங்களில் திருக்கோயில்களில் அடிக்கடி காதில் விழும் சொற்களுள் 'மரியாதை' என்பதும் ஒன்று. முதல் தீர்த்தம் யாருக்கு, பரிவட்டம் யாருக்கு, எந்தக் கோஷ்டிக்கு எந்த இடம் என்பனவெல்லாம் இச்சொல்லால் குறிக்கப்படுகின்றன. ஸேவார்த்திகள் யாவரும் வழங்கும் இச்சொல்லின் உட்பொருளைச் சிறிது ஆராய்வது பயனுடைத்து.

சொற்பொருள்

'மர்யாதா' என்னும் வடசொல்லுக்கு எல்லை, வரம்பு, கரை என்பனவே பொருள். கடல் தன் கரையைக் கடவாதிருப்பதும் மரியாதையே. ஸுந்தரகாண்டத்தில் பிராட்டியிடம் இராமபிரானின் பெருமையை உரைக்கும் சிறிய திருவடி, உலகுக்கு வரம்புகளை வகுத்தவனும், அவற்றில் பிறரை நிற்கச் செய்பவனும் அவனே என்கிறார். ஆகவே மரியாதை என்பது முதற்கண் ஒருவன் பெறும் பொருளன்று. அவன் காக்கும் நெறியாகும். பிறருடைய நிலையறிந்து தன் எல்லையில் நிற்பவன் செய்யும் உபசாரத்துக்கும் பின்னர் அதுவே பெயராயிற்று.

'கௌரவம்' என்பது 'குரு' என்னும் சொல்லடியாகப் பிறந்தது. கனமுடைமை என்பது பொருள். 'மதிப்பு' என்பது அளவிட்டறிதலைக் காட்டும். 'ஸம்பாவனை' என்பது வித்வான்களுக்கு அளிக்கும் தக்ஷிணையையும் குறிக்கும்.

'மானம்' என்னும் சொல்லோ இருமுகமுடையது. திருக்குறளில் மானத்துக்கென்று தனி அதிகாரமே உண்டு. கீதையின் பதின்மூன்றாம் அத்தியாயத்தில் கண்ணபிரான் ஞானத்தின் இலக்கணங்களை எண்ணும்போதோ, மானமின்மையாகிய 'அமாநித்வம்' முதலில் நிற்கிறது. இவை முரண் அல்ல. தகாதது செய்ய நாணுவதாகிய மானம் காக்கத் தக்கது. பிறர் தன்னைப் போற்ற வேண்டும் என்று எதிர்பார்க்கும் மானம் விடத் தக்கது.

முதல் பூஜை

தர்மபுத்திரருடைய ராஜஸூய யாகத்தில், முதல் பூஜைக்கு உரியவர் யார் என்ற வினா எழுந்தது. பீஷ்மர் கண்ணனையே காட்டினார். ஸஹதேவன் அர்க்கியம் ஸமர்ப்பித்தான். அது பொறாத சிசுபாலன் சபையிலேயே நிந்தித்து உயிரிழந்தான். அந்த யாகத்திலேயே, வந்த அந்தணர்களின் கால்களைக் கழுவும் பணியைக் கண்ணன் ஏற்றிருந்தான் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஸஹஸ்ரநாமத்தில் அமாநீ, மாநத:, மாந்ய: என மூன்று திருநாமங்கள் அடுத்தடுத்து வருகின்றன. தான் மானம் கொள்ளாதவன், பிறருக்கு மானம் அளிப்பவன், அதனாலேயே யாவராலும் மானிக்கத் தக்கவன் என்று இவ்வரிசையைக் கொண்டால், மரியாதையின் தத்துவம் முழுதும் இதில் அடங்கும்.

கோயில் மரியாதை

ஸந்நிதியில் ஸாதிக்கப்படும் ஸ்ரீசடகோபம் எம்பெருமானுடைய திருவடி. அதற்கு நம்மாழ்வாரின் திருநாமம். ஆழ்வார்திருநகரியில் ஆழ்வாருடைய சடாரிக்கு இராமாநுசர் பெயர்; உடையவர் ஸந்நிதியில் முதலியாண்டான் பெயர். பேரடியார்கள் பெற்ற உயர்ந்த மரியாதை, இன்னொருவருடைய திருவடியாய் இருப்பது. அதைத் தலையில் ஏற்பவர், 'எனக்கு முதலில்' என்று வழக்காடுவது எவ்வளவு பொருந்தாச் செயல்!

ஆயினும் கோயில் மரியாதைகள் பற்றிய வழக்குகள் பல நீதிமன்றம் ஏறியதுண்டு. ஓர் அலுவலோடு சேர்ந்த மரியாதையே வழக்காடத்தக்க உரிமை, வெறும் கௌரவம் அத்தகையதன்று என்பது அங்கு வழங்கிவரும் கொள்கை. கைங்கரியத்தை விட்டுத் தனியே நிற்கும் மரியாதை இல்லை என்பது ஸம்பிரதாயத்துக்கும் உடன்பாடே.

வாக்குக் காத்த நம்பாடுவான்

கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசியன்று கைசிக புராணம் வாசிக்கப்படும். திருவரங்கத்தில் அதை வாசிக்கும் பட்டருக்கு பிரம்மரதம் என்னும் உயர்ந்த மரியாதை முன்னர் வழங்கப்பட்டு வந்தது. அப்புராணத்தின் நாயகர் யார்? திருக்குறுங்குடி நம்பியைப் பாடச் சென்ற, பாணர் குலத்து நம்பாடுவான். கோயிலுக்குள் ஓர் இடமும் அவருக்கு இல்லை. வழியில் பிடித்த பிரம்மரக்ஷஸிடம், பாடிவிட்டுத் திரும்பி வந்து உணவாகிறேன் என்று சபதம் செய்தார். பாடி முடித்து மீளும்போது, தப்பிச் செல்லும்படி ஒருவர் எதிர்ப்பட்டுச் சொல்லியும் இசையவில்லை. சொன்ன சொல்லைக் காக்கத் திரும்பினார். அவர் தந்த பாட்டின் பலனால் ரக்ஷஸும் சாபம் நீங்கிற்று. உயிரினும் வாக்கை உயர்வாகக் கொண்ட அவருடைய வரலாற்றை வாசித்ததற்கே வாசித்தவர் பிரம்மரதம் பெற்றுவந்தார்.

இவ்வுத்ஸவத்துக்கு வந்துள்ள பக்தர்கள் பலருக்குக் கூட்ட நெரிசலில் தீர்த்தம் கடைசியில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். முதலில் பெற்றதும் கடைசியில் பெற்றதும் ஒரே வட்டிலின் தீர்த்தமே. முதியோருக்கு வழிவிட்டவரும், அருகிலிருந்த அடியாரைக் குலம் கேளாது வணங்கியவரும், தாம் ஏற்ற கைங்கரியத்தைச் சொன்னபடி முடித்தவரும் எம்பெருமானிடம் மரியாதை பெற்றவர்களே யாவர்.